பொது வசதி மையம் கட்டியாச்சு, மெஷினும் வந்தாச்சு, ஆள்தான் வரல. கோவை மாதிரி ஊர்ல மட்டும் இது எப்படி ஓடுது?

கேட்டவர்: பட்டறைக்காரன் மகன்

எல்லாருக்கும் வணக்கம். ஊர்ப் பேரைச் சொன்னா ஆளைக் கண்டுபிடிச்சிருவாங்க, அதனால தென்மாவட்டத்துல ஒரு ஊருன்னு மட்டும் வெச்சுக்கோங்க. டிராக்டருக்குக் கலப்பை, ரொட்டவேட்டர் கத்தி, டிரெய்லர் செய்யுற பட்டறை எங்க ஊர்ல சின்னதும் பெருசுமா நாப்பது இருக்கும். எங்க அப்பா பட்டறையும் அதுல ஒண்ணு. நான் மெக்கானிக்கல் படிச்சுட்டு மூணு வருஷம் வெளிய வேலை பார்த்துட்டு ஊருக்குத் திரும்பிட்டேன்.

சில வருஷம் முன்னாடி, ஒரே தொழில் செய்யுற பட்டறைங்களைச் சேர்த்து உதவுற அரசாங்கக் குழுமத் திட்டத்துல (கிளஸ்டர்) எங்க ஊருக்கு ஒரு பொது வசதி மையம், அதாவது எல்லாரும் பொதுவா மெஷின் பயன்படுத்துற கூடம், வந்துச்சு. மையத்தை நடத்துறதுக்காகவே பட்டறைக்காரங்க சேர்ந்து எஸ்.பி.வி.ன்னு ஒரு கம்பெனி பதிவு பண்ணி, எங்க பங்குப் பணம் கொஞ்சம், மானியம் மிச்சம்னு கட்டடம் கட்டி லேசர் கட்டிங் மெஷின் இறக்கினாங்க. திறப்பு விழா அன்னைக்கு ஊரே பந்தல்ல உக்காந்திருந்துச்சு. இப்போ மாசத்துல அஞ்சாறு நாள் ஓடுனா அதிகம். மெஷின் மேல போத்துன தார்ப்பாய்ல பூனை குட்டி போட்டிருக்கு, சத்தியமா.

அதிகாரிங்களைக் கேட்டா "உங்க ஆளுங்களுக்குப் புதுமையில ஆர்வம் இல்ல"ங்கறாங்க. பட்டறைக்காரங்களைக் கேட்டா "அது அவரோட மெஷின்ப்பா"ன்னு எஸ்.பி.வி. தலைவரைக் கை காட்டுறாங்க.

2018ல பாதுகாப்புத் தொழில் வழித்தடம்னு அறிவிச்சப்போ சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சின்னு அஞ்சு ஊரைத்தான் எடுத்தாங்க. எல்லாமே ஏற்கெனவே தொழில் இருக்குற ஊரு. இருக்குற இடத்துக்கே கொடுத்துக்கிட்டிருந்தா எங்களை மாதிரி ஊரு எப்போ எந்திரிக்குறது? கோவையில தொழில் பண்ணவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. உங்க ஊர்ல மண்ணு வேறயா, மனுஷங்க வேறயா, இல்ல அரசாங்கம்தான் வேற மாதிரி நடந்துக்கிச்சா?

---

பதில் 1: கணபதி பெரியவர்

தம்பி, பூனை விஷயத்தைப் படிச்சு சிரிச்சுட்டேனுங்க. அப்புறம் வருத்தமாவும் போச்சு.

நான் 1974ல லேத்துல எடுபிடியாச் சேர்ந்தவன். 79ல கோவை கணபதியில வாடகைக் கொட்டாய் ஒண்ணு புடிச்சு, மோட்டாரும் பம்பும் ஒண்ணாச் சேர்ந்த மோனோபிளாக் பம்பு போட ஆரம்பிச்சேன். முப்பத்தஞ்சு வருஷம் ஓட்டிட்டு இப்போ வீட்ல இருக்கறேன். பெரிய கம்பெனி எல்லாம் இல்லீங்க, உச்சத்துல இருவத்திரண்டு ஆளு.

மண்ணு வேறயான்னு கேட்டீங்க. வேறதானுங்க, ஆனா நல்ல மண்ணுங்கற அர்த்தத்துல இல்ல. இங்க பாறை. கிணறு நூறடி தாண்டிப் போவும். எங்க தாத்தா காலத்துல கவலை ஓட்டித்தான், அதாவது காளைங்களைக் கட்டிக் கயித்துல சால் இழுத்துத்தான், தண்ணி எறைச்சாங்க. காளைங்க பின்னாலயே நடந்து நடந்து சறுக்குப் பாதை வழவழன்னு ஆயிருக்கும். 1930கள்ல நீலகிரி பைகாரா நீர்மின் நிலையத்துல இருந்து கரண்டு வந்துச்சு. ஆழக் கிணறும் கரண்டும் ஒரே எடத்துல சேர்ந்தா பம்பு வேணும்னு எவனும் சொல்லித்தர வேண்டாம். அதுக்கும் முன்னாடியே 1888ல இருந்து நூல் மில்லு இருந்துச்சு. பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து வர ஈரக் காத்து நூலுக்கு நல்லதுன்னு சொல்லுவாங்க. மில்லு இருந்தா ரிப்பேர் இருக்கும். ரெண்டாம் உலகப் போர்ல சீமையில இருந்து சாமான் வராதப்போ உள்ளூர் பட்டறைங்கதான் மில்லுக்கு ஸ்பேர் செஞ்சு கொடுத்துச்சு. 1937லயே இந்த ஊர்த் தொழிலதிபருங்க ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் இங்க மோட்டார் செஞ்சு காட்டிட்டாங்க. பி.எஸ்.ஜி. குடும்பம் 1926லயே ஒரு தொழிற்கூடம் வெச்சாங்க. 1951ல வந்த எஞ்சினியரிங் காலேஜு அந்தப் பட்டறைக்குப் பக்கத்துல வந்ததுங்கறதைக் கவனிங்க. பட்டறை முன்ன, பாடம் பின்ன.

இதுல அரசாங்கம் "இங்க பம்புத் தொழில் வளரட்டும்"னு என்னைக்கும் திட்டம் போடலீங்க. கரண்டு கொடுத்துச்சு, அவ்வளவுதான்.

இன்னொண்ணு. எங்க பம்போட வடிவத்தை மாத்துன பெரிய அரசாங்க முடிவு எதுன்னா, 1990ல எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் கொடுத்தது. அதை யாரும் புதுமைக் கொள்கைன்னு சொல்ல மாட்டாங்க. பில்லு கட்டாத விவசாயி பம்பு எத்தனை யூனிட் இழுக்குதுன்னு எதுக்குக் கேக்கறான்? "வோல்டேஜ் கம்மியா வந்தாலும் காயில் கருகக் கூடாது"ன்னுதான் கேட்டான். நாங்களும் அதுக்குத் தக்கன கம்பியைத் தடிமனாச் சுத்துனோம். மூளை பூரா அந்தப் பக்கம் போயிருச்சு. கரண்டு மிச்சம் புடிக்கற பம்பு பண்ணியிருக்கலாமேன்னு பின்னால வந்தவங்க கேட்டாங்க. வாங்கற ஆளு கேக்காததை எவன் செய்வான், சொல்லுங்க?

சரி, உங்க மையத்துக்கு வாரேன்.

எங்களுக்கும் பொதுச் சோதனைக்கூடம் ஒண்ணு உண்டு, சிட்டார்க்னு. தொழில்காரங்களே சங்கத்து மூலமாக் கூடிப் பண்ணுனது. எஞ்சினியரிங் சாமான் செய்யறவங்களோட சீமா சங்கம் 1952ல இருந்து இருக்குது, சிறுதொழில்காரங்களோட கொடிசியா சங்கம் 1969. அதாவது கூடம் வர்றதுக்கு முன்னாடியே பல வருஷம் எங்காளுங்க ஒரே ரூமுல உக்காந்து சண்டை போட்டுப் பழகியிருந்தாங்க. இரும்பு ஒதுக்கீடு, வரி, ஆள் இழுக்கறதுன்னு எல்லாத்துக்கும் சண்டை. இந்தப் பழக்கத்தைச் சாதாரணமா நெனைக்காதீங்க. "இவன் கோவிச்சுட்டுப் போவான், மறுபடி வந்துருவான்"னு தெரிஞ்ச ஆளோடதான் கூட்டா காசு போட முடியும்.

அதுக்கு முன்னாடி நாங்க எப்படிச் சோதிச்சோம்னு நெனைக்கறீங்க? ஒரு தொட்டி, ஒரு வாட்ச்சு. தொட்டி ரொம்பறதுக்கு எத்தனை செகண்டுன்னு பாத்து அதைப் பலகையில அடிச்சுருவோம். நானும் அப்படித்தான் என்ற பம்புக்கு ஒரு நம்பர் எழுதி வெச்சிருந்தேன். எண்பதுகள் கடைசியில ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாம டெண்டர்ல நிக்க முடியாதுன்னு ஆனப்போ, வேற வழியில்லாம கூடத்துக்குக் கொண்டுபோனேன். ரிப்போர்ட் வந்துச்சு பாருங்க, நான் சொன்னதுல இருந்து ஒம்பது பாயிண்டு கம்மி. ரெண்டு நாள் யாருகிட்டயும் காட்டல. மூணாவது நாளு எதுத்தாப்புல பம்பு போடற ஒருத்தரு, எனக்கு நேர் போட்டி, டீ குடிக்க வந்தவரு மேசையில கெடந்த காயிதத்தைப் பாத்துட்டாரு. ஒண்ணும் சொல்லாம இம்பெல்லரை, அதாவது பம்புக்குள்ள தண்ணியைச் சுழட்டித் தள்ளற சக்கரத்தை, கையில எடுத்து, அதோட இதழுங்களுக்கு நடுவால ஆள்காட்டி வெரலை விட்டு ஒரு சுத்து சுத்துனாரு. வெளிய எடுத்தா வெரல்ல கீறலு. "ஏனுங்க, இது இம்பெல்லரா, தேங்கா துருவியா?"ன்னாரு.

கோர், அதாவது வார்ப்புல உள்பாதைக்காக வெக்கற மணல் அச்சு, அதோட மணலு முரடு. தண்ணி போற பாதை பூரா சொரசொரன்னு இருந்தா எங்க போயி எஃபிஷியன்சி வரும்? பவுண்டரிக்காரரு எங்க ரெண்டு பேருக்கும் பொது. அன்னைக்குச் சாயந்தரமே மூணு பேரும் போயி நின்னோம். மணலை நைசாக்கி, கோர் மேல கிராஃபைட் பூச்சு ஒண்ணு கொடுக்கச் சொன்னோம். அடுத்த லாட்டுல பாதிக்கு மேல சரியாயிருச்சு. செலவு? ஒரு கோருக்குச் சில பைசா.

எதுக்கு எனக்கு அவரு உதவுனாருன்னு பின்னால யோசிச்சிருக்கறேன். நல்ல மனசுன்னு சொல்லிட்டுப் போயிரலாம். நெசம் என்னன்னா, அவரோட இம்பெல்லரும் அதே பவுண்டரி, அதே மணலு. என்ற குத்தம் தெரிஞ்சா அவரோட குத்தமும் சரியாவும். பவுண்டரி நடந்து போற தூரத்துல இருந்ததால அன்னைக்கே போனோம். அம்பது மைலு தள்ளி இருந்திருந்தா லெட்டர் போட்டிருப்போம், அவரும் "பாக்கறேனுங்க"ன்னு பதில் போட்டிருப்பாரு.

இப்போ உங்க லேசர் மெஷின். அதை யாரு கேட்டது? உங்க நாப்பது பட்டறையில வாரம் ஒருக்கா எத்தனை பேருக்கு லேசர் வெட்டு வேணும்? ரொட்டவேட்டர் கத்தியை லேசர்ல வெட்டிட்டா மட்டும் உழுதுருமா? பட்டியல்ல எந்த மெஷினுக்கு மானியம் ஒத்துவருதோ, எந்த டீலர் கொட்டேஷன் சீக்கிரம் கொடுத்தானோ, அதுதான் வந்திருக்கும். எங்க ஊர்லயும் அப்படி வந்து தூங்குன மெஷின் உண்டு. பேரைச் சொல்ல மாட்டேன், எல்லாரும் வேண்டப்பட்டவங்க.

அஞ்சு ஊருக்குத்தான் கொடுக்கறாங்கன்னு சொன்னது நெசந்தான். 2003ல மத்திய அரசு குழுமங்களுக்கு உள்கட்டமைப்புத் திட்டம் கொண்டுவந்துச்சு. 75 சதவீதம் மானியம், உச்சவரம்பு 50 கோடி. அதுல கோவை பம்பு, மோட்டார், பவுண்டரி குழுமம் சேர்ந்து கோஇந்தியான்னு அமைப்பு பதிஞ்சு வாங்குச்சு. மிச்சக் காசைப் போட நம்மாளுங்க தயாரா இருந்தாங்க, பேப்பர் வேலை தெரிஞ்ச சங்கமும் இருந்துச்சு. உங்க ஊருக்கு அந்த 25 சதவீதம் கூட்டறதுதான் மலையா இருந்திருக்கும். ஏற்கெனவே கூடி நிக்கறவனுக்குத்தான் இப்படிப்பட்ட திட்டம் கைக்கு எட்டும். அது அநியாயம்னு நீங்க சொன்னா நான் மறுக்க மாட்டேனுங்க.

உங்க பட்டறைக்காரங்க ஒருத்தர்கிட்ட ஒருத்தர் இப்போ எதைக் கடன் வாங்கறாங்க? அதை மொதல்ல பாருங்க. டையா, கேஸ் சிலிண்டரா, ஆளா, அவசரத்துக்குப் பணமா? அது தெரியாம எந்த மெஷினும் வாங்காதீங்க.

---

பதில் 2: வைண்டிங் செல்வி

பெரியவர் ஐயா சொன்னதுல எனக்கு ஒண்ணு சேர்க்கணும், ஒண்ணு மறுக்கணும்.

நான் கோவைலதான் பத்தொம்பது வருஷமா ஸ்டேட்டர் (மோட்டார்ல சுத்தாம நிக்குற பாகம்) வைண்டிங், அதாவது அதுல கம்பி சுத்துற வேலை, ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யுறேன். வீட்டு முன்பக்கம் ஷெட்டு, எங்கூட ஆறு பொம்பளைங்க. ஓப்பன்வெல் சப்மெர்சிபிள் மோட்டாருக்கு எனாமல் கம்பி சுத்த மாட்டோம், பாலி வயர். மோட்டார் உள்ளயே தண்ணி நிக்கும், அதனால கம்பி மேல பிளாஸ்டிக் உறை. காயிலாச் சுத்தி அப்படியே சொருக முடியாது, ஒவ்வொரு சுத்தும் ஸ்லாட்டு வழியா ஊசியில நூல் கோக்குற மாதிரி கையால இழுக்கணும். முடிச்சதும் ராத்திரி முழுக்கத் தண்ணித் தொட்டியில போட்டுக் காலையில மெகர் (கரண்டு கசியுதான்னு பார்க்குற மீட்டர்) வெச்சுப் பார்ப்போம். ரீடிங் விழுந்துச்சுன்னா எங்கியோ உறை கிழிஞ்சிருக்குன்னு அர்த்தம். மொத்தத்தையும் உருவிப் போட்டு மறுபடி முதல்ல இருந்து. கூலி ஒரு தடவைக்குத்தான்.

ஒரு சமயம் பத்துக்கு மூணு ஃபெயிலாச்சு. கம்பெனியில "உங்க பொண்ணுங்க இழுக்குறது சரியில்ல"ன்னாங்க. நான் ஸ்டேட்டரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிச்சு ஸ்லாட்டு ஓரத்துல நைலான் துணி ஒண்ணை விட்டு இழுத்தேன், நூல் நூலாப் பிரிஞ்சு வந்துச்சு. ஸ்டேட்டருக்கு அடிக்கிற தகட்டுல, அதான் ஸ்டாம்பிங்ல, பிசிறு. பக்கத்துத் தெருவுல ஸ்டாம்பிங் அடிக்கிற தம்பிகிட்ட அந்தத் துணியையே கொண்டுபோய்க் காட்டுனேன். டை மழுங்கிப்போச்சு, சாணை பிடிக்காம ஓட்டியிருக்காப்ல. அன்னையில இருந்து டை தீட்டுனதும் முதல் தகட்டை எனக்கு அனுப்புவாப்ல, நான் துணி போட்டுப் பார்த்து "ஓட்டு"ன்னா ஓட்டுவாப்ல. இதுதான் ஐயா சொன்ன பக்கத்துல இருக்குற லாபம். இது எந்தக் கூடத்துலயும் நடக்கல, எந்த ரிப்போர்ட்லயும் வராது.

மறுக்க வேண்டியது என்னன்னா, சங்கத்துல எல்லாரும் ஒரே ரூமுல உக்காந்து சண்டை போட்டாங்கன்னு சொன்னாரு. அந்த ரூமுல எங்களுக்கு நாற்காலி எங்கங்கய்யா? மீட்டிங்குல டீ கொடுக்குற இடத்துலகூட ஜாப் ஒர்க் ஆளுங்களைப் பார்க்க முடியாது. உறவுக்காரங்க, ஒரே ஊர்க்காரங்க, ஒண்ணாப் படிச்சவங்க. அந்த வட்டத்துக்குள்ள பொறந்தவங்களுக்குப் பவுண்டரியில கடன் கிடைக்கும், வெளிய இருந்து வர்றவனுக்கு ரொக்கம். தம்பி, உங்க ஊர் எஸ்.பி.வி.யில இருக்குறவங்க எல்லாம் யாருக்கு யாருன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க. "அது அவரோட மெஷின்"னு சொல்றவங்க பொறாமையில சொல்லலைன்னுதான் எனக்குத் தோணுது.

---

பதில் 3: நொய்யல் கரை

திருப்பூர்ல சாயப்பட்டறையில சூப்பர்வைசரா இருக்கேன். சுருக்கமாச் சொல்றேன், ஷிப்டு இருக்கு.

இடம் கொள்கையைத் தீர்மானிக்குங்கறதுக்கு எங்களை விட உதாரணம் கிடைக்காது. எங்க ஊரு வழியாப் போற நொய்யல் ஆத்துல வருஷத்துல பாதி நாள் தண்ணியே ஓடாது. அதுல சாயக் கழிவை விட்டா அடிச்சுட்டுப் போறதுக்கு ஆறு எங்க இருக்கு? எல்லாம் ஒரத்துப்பாளையம் அணையில போய்த் தேங்குச்சு. பாசனத்துக்குக் கட்டுன அணை சாயக் குட்டை ஆச்சு. கீழ இருக்குற விவசாயிங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2011 ஜனவரியில ஹைகோர்ட்டு சாயப்பட்டறைங்களை மூடச் சொல்லிருச்சு. அந்த நாலஞ்சு மாசம் ஊரு எப்படிக் கிடந்துச்சுன்னு பார்த்தவங்களுக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டுல மூட்டையோட ஆளுங்க.

அப்புறம் ஒரு சொட்டு வெளிய விடாத முறை. ஆர்.ஓ. போட்டுத் தண்ணியைப் பிரிச்சு, மிச்ச உப்புத்தண்ணியை ஆவியாக்கி, உப்பை எடுத்து மறுபடி சாயத்துக்கே போடுறது. அந்த உப்புத்தண்ணியை ஆவியாக்காமலே நேரா சாயத் தொட்டிக்குத் திருப்புற வித்தை இங்கதான் பழகுச்சு. முதல்ல எங்க மாஸ்டரு ஒத்துக்கவே இல்ல, "ஷேடு மாறிரும்"னாரு. சின்ன லாட்டா வெளிர் நிறம் ஒதுக்கி, கருப்பு, நேவி மட்டும் போட்டுப் பார்த்துப் பழகினோம். இன்னைக்கு அவரே புதுசா வர்றவங்களுக்குச் சொல்லித்தர்றாரு.

இது ஏன் முடிஞ்சுது? பொதுச் சுத்திகரிப்பு நிலையங்க அதுக்கு முன்னாடியே இருந்துச்சு. ஒரு பைப்புல பல பட்டறை சேர்ந்திருந்தோம். ஒருத்தன் திருட்டுத்தனமா விட்டா எல்லாருக்கும் சீல். மாநில அரசு 200 கோடி வட்டியில்லாக் கடன் கொடுத்துச்சு, அதை வாங்குறதுக்கும் ஒரு கூட்டமைப்பு தயாரா இருந்துச்சு.

ஆனா செல்வி அக்கா சொல்ற பக்கமும் இருக்கு. அதே கூட்டமைப்புதான் 2011 வரைக்கும் "இன்னும் கொஞ்சம் அவகாசம்"னு ஒருத்தனை ஒருத்தன் மூடி மறைச்சு வருஷக்கணக்கா இழுத்துச்சு. கட்டுக்கோப்பா இருக்குற கூட்டம் நல்லதையும் சீக்கிரம் செய்யும், கெட்டதையும் சேர்ந்தே மறைக்கும். கோர்ட்டு கதவைச் சாத்தலைன்னா நாங்களா மாறியிருக்க மாட்டோம். இதைச் சொன்னா எங்க முதலாளிக்குக் கோவம் வரும், அதனாலதான் புனைபேரு.

---

பதில் 4: கந்தகபூமி

விருதுநகர்ப் பக்கம் இருந்து ஒரு வார்த்தை. 25 சதவீதம் கூட்டுறது மலைன்னு பெரியவர் சொன்னாரே, எங்க பக்கம் அதுக்கு மகமைன்னு ஒரு பழக்கம் உண்டு. ஏவாரத்துல இவ்வளவுக்கு இவ்வளவுன்னு உறவின்முறைக்கு (சாதிச் சங்கம்) ஒதுக்கிரணும். அதுலதான் காமராஜர் படிச்ச சத்திரிய வித்யாசாலா நடந்துச்சு. பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் பழகுன கை தொழிலுக்கும் கூட்டும். சிவகாசியில 1920கள்ல கல்கத்தா போய்த் தீப்பெட்டி கத்துக்கிட்டு வந்தாங்க, மழை கம்மியான காஞ்ச ஊரு அதுக்குத் தோதா இருந்துச்சு. தீப்பெட்டிக்கு லேபிள் வேணும்னு அச்சகம் வந்துச்சு, அப்புறம் காலண்டர் வந்துச்சு. ஒரு தொழில் அடுத்த தொழிலைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரும். அக்கா சொன்ன குறை மகமைக்கும் பொருந்தும், அது ஒரு சாதிக்குள்ள சுத்துன பணம். ஆனா மாசாமாசம் சின்னத் தொகை, கணக்கு எல்லார் முன்னாடியும் வாசிக்கிறதுங்கற அந்த ரெண்டை மட்டும் எடுத்துக்கோங்க. சாதியை விட்டுட்டு நாப்பது பட்டறைக்கும் பொதுவா வெச்சுப் பாருங்க.

---

கேட்டவர் மறுபடி: பட்டறைக்காரன் மகன்

எல்லாருக்கும் நன்றி. பெரியவர் சொன்னதைக் கேட்டு ரெண்டு வாரம் ஒரு நோட்டை எடுத்துக்கிட்டுப் பட்டறை பட்டறையா ஏறி இறங்குனேன். முப்பத்தோரு பேர் பேசுனாங்க.

செல்வி அக்கா சொன்ன கணக்கு: எஸ்.பி.வி. டைரக்டர் ஏழு பேர்ல நாலு பேர் சம்பந்தி, மச்சான் முறை. எங்க அப்பா அஞ்சாவது. இதை வீட்ல சொன்னதுக்கு ஒரு நாள் பேச்சு வார்த்தை இல்ல.

கடன் வாங்குற கணக்கு: லேசர் வெட்டு வேணும்னு சொன்னது நாலே பேரு. ஆனா கத்தியும் கொழுமுனையும் பதம் போடுறதுக்கு (சூடாக்கிக் குளிர வெச்சு இரும்பைக் கெட்டிப்படுத்துறது) இருவத்தாறு பேர் சாமானை 110 கிலோமீட்டர் தள்ளி அனுப்புறாங்க. ஆளுக்கொரு நாள் ஆளுக்கொரு வண்டி. ஒருத்தர் வண்டியில இன்னொருத்தர் மூட்டையை ஏத்திவிடுறது மட்டும் நடக்குது, அதுவும் டீக்கடைக்காரர் கேட்டுச் சொன்னாதான். போன கத்தி எல்லாம் ஒரே பதத்துல திரும்பி வர்றதும் இல்ல. எங்க அப்பா தரையில போட்டுச் சத்தத்தை வெச்சே "இது உடையும், இது வளையும்"னு பிரிச்சு வைப்பாரு.

அப்போ எங்களுக்கு வேண்டியது பதம் போடுற ஃபர்னஸும் கடினம் பார்க்குற மெஷினும்தானா? லேசரை வித்துட்டு அதை வாங்க விதி இடம் கொடுக்குமா?

---

பதில் 5: கணபதி பெரியவர்

அப்பாகிட்டப் பேசிட்டீங்களே, அது பெரிய வேலைங்க தம்பி.

விதியை ஆபீஸ்ல எழுத்துல கேளுங்க, வாயால கேக்காதீங்க. ஃபர்னஸ் இப்போ வேண்டாம். மொதல்ல வாரத்துக்கு ரெண்டு நாள் ஒரே வண்டி வைங்க, இருவத்தாறு பேர் சாமானும் அதுலயே போவட்டும். வாடகையை எடைக்குத் தகுந்தாப்புல பிரிங்க. அந்த டீக்கடைக்காரரையே கணக்கு எழுதச் சொல்லுங்க, அவருக்கும் ஏதாவது கொடுங்க. எத்தனை கிலோ போவுது, எத்தனை கத்தி சரியா வருது, எத்தனை திரும்புது, ஆறு மாசத்துக்கு எழுதி வைங்க. பணத்தகராறு வரும், வரட்டும்.

நோட்டு ரொம்புனதும் கோவைக்கு எடுத்துட்டு வாங்க. பதம் போடற ரெண்டு மூணு எடத்துக்கு நானே கூட்டிட்டுப் போறேன். அப்பாவையும் கூட்டிட்டு வாங்க, அந்தச் சத்தம் கேட்டுப் பிரிக்கறதை எனக்கு நேர்ல பாக்கோணும்.